சிறுநீரில் கோபால்ட்டை அளப்பது எப்படி: ஊக்கமருந்துச் சோதனைக்கூடத்துக்கான வழிமுறை

கோபால்ட் குளோரைடு விலை மலிவான உப்பு. அதை விழுங்கினால் போதும், ஊசி போட வேண்டியதில்லை. ஆக்சிஜன் குறைவை உடலுக்கு அறிவிக்கும் எச்ஐஎஃப் என்ற புரதத்தை வழக்கமாக ஒரு நொதி அழித்துக்கொண்டே இருக்கும். அந்த நொதியில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தைக் கோபால்ட் பிடித்துக்கொள்வதால் நொதி முடங்கி, புரதம் தங்கிவிட, சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற இயக்குநீரைக் கூடுதலாகச் சுரந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. இதே காரணத்துக்காக ஒரு காலத்தில் இரத்தசோகைக்கு இதை மருந்தாகவே கொடுத்து, தைராய்டு பாதிப்பைக் கண்டு கைவிட்டார்கள். 1965, 1966 ஆண்டுகளில் கனடாவின் கியூபெக் நகரில், நுரை நிலைக்கக் கோபால்ட் சேர்த்த பீரை மிகுதியாகக் குடித்தவர்கள் இதயத்தசை நோயால் இறந்தது மருத்துவப் பாடமாகவே இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா, 2015ஆம் ஆண்டுத் தடைப்பட்டியலில் கோபால்ட்டைப் பெயர் சொல்லிச் சேர்த்தது.

அளப்பதற்கான கருவி ஐசிபி-எம்எஸ். ஆர்கான் பிளாஸ்மாவில் மாதிரியை அயனிகளாக்கி நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறமாலைமானி இது. எண் நிமிடங்களில் கிடைத்துவிடும். அந்த எண் வீரருடைய உடலிலிருந்து வந்ததா, குழாயிலிருந்தா, கால்சியத்திலிருந்தா, அவர் போட்டுக்கொண்ட வைட்டமின் ஊசியிலிருந்தா என்று உறுதி செய்வதில்தான் நாளெல்லாம் போகும். இந்த வழிமுறையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதலில் பாத்திரங்கள். உணவு மூலம் மட்டுமே கோபால்ட் பெறுபவரின் சிறுநீரில் அது பொதுவாக லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கும் குறைவு. இருபது மடங்கு நீர்த்த பிறகு கருவி பார்ப்பது 0.1 மைக்ரோகிராமுக்கும் கீழே. இந்த அளவில் கண்ணாடியையும் துருப்பிடிக்காத எஃகையும் மாதிரியின் அருகிலேயே விடக் கூடாது. பாலிபுரோப்பிலீன் குழாய்களைப் பத்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, மீத்தூய நீரில் மூன்று முறை அலசி, தூசி படாத அறையில் கவிழ்த்து உலரவிட வேண்டும். கையுறை மாவு பூசாத நைட்ரைலாக இருக்கட்டும். குழாயைக் கழுவுகிறவர்கள் மூடியை மறந்துவிடுவது வழக்கம். ஒருமுறை எங்கள் வெற்றுக் கரைசலின், அதாவது சிறுநீர் சேர்க்காத கரைசலின், எண் இரண்டு நாள் ஏறியே இருந்தது. அமிலத்தை மாற்றினோம், நீரை மாற்றினோம், பிளாஸ்மாவிலிருந்து அயனிகளை உள்ளே வாங்கும் கூம்புகளைக் கழற்றித் துடைத்தோம். கடைசியில் பார்த்தால், ஊறவைக்காமல் பையிலிருந்து நேரடியாக எடுத்த நீல மூடிகள். கோபால்ட் என்றாலே நீலச் சாயம் நினைவுக்கு வந்திருக்க வேண்டியவர்களுக்கு அது வரவில்லை.

வீரரின் சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்து வைப்பார்கள்: சோதனைக்கு ஏ, பின்னால் மறுசோதனை தேவைப்பட்டால் பி. மாதிரி, குறியீட்டு எண் மட்டுமே கொண்ட ஏ குப்பியில் வரும். பி குப்பியின் முத்திரை தொடப்படக் கூடாது. குளிரில் வைத்த சிறுநீரில் யூரேட்டுகள் அடியில் படிந்திருக்கும் என்பதால், அறைவெப்பத்துக்குக் கொண்டுவந்து, தேவையானால் 37 டிகிரியில் சூடேற்றி, குப்பியைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கிய பின்பே பங்கு எடுக்க வேண்டும். அமிலம் சேர்க்கும் முன்பே இன்னொரு பங்கைத் தனியாக எடுத்து, ஒளி படாத குழாயில் உறையவைத்துவிடுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

பந்தயக் குதிரையின் சிறுநீரைச் சோதிப்பவர்களுக்கு இந்தக் கட்டம் இன்னும் கடினம். அது கால்சியம் கார்பனேட் படிகங்களும் சளியும் நிறைந்து கலங்கலாக இருக்கும், அமிலம் பட்டவுடன் சோடா போலப் பொங்கும். மூடியை உடனே இறுக்காமல் பொங்கி அடங்கவிட வேண்டும். குதிரைப் பந்தய ஆணையங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு சிறுநீருக்கு வைத்திருக்கும் வரம்பு மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம்.

நீர்த்தல் எளிது. 0.5 மில்லிலிட்டர் சிறுநீருடன், ஒரு விழுக்காடு நைட்ரிக் அமிலமும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ரோடியமும் கொண்ட நீர்ப்பியை 9.5 மில்லிலிட்டர் சேர்த்தால் இருபது மடங்கு. ரோடியம் இங்கே உள்தரத் தனிமம்: சிறுநீரின் உப்பு பிளாஸ்மாவைத் தணித்தாலும் கூம்பில் படிந்தாலும் ரோடியத்தின் சைகையும் சேர்ந்து குறையும், அந்த விகிதத்தில் கோபால்ட்டைத் திருத்திக்கொள்ளலாம். அது 80 முதல் 120 விழுக்காட்டுக்கு வெளியே போனால் திருத்தத்தை நம்பாமல் மேலும் நீர்த்து மறுபடி ஓட்டுவதே நல்லது. அளவுத்திருத்தக் கரைசல்களை லிட்டருக்கு 0, 0.1, 0.5, 1, 5, 10 மைக்ரோகிராம் கோபால்ட் என்று அதே நீர்ப்பியில் தயாரியுங்கள்.

இனி நிறை 59. கோபால்ட்டுக்கு இயற்கையில் நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதால், இடையூறு இருந்தால் வேறு நிறைக்கு மாறிப் பார்க்க வழியில்லை. கால்சியம் 43உம் ஆக்சிஜன் 16உம் சேர்ந்தால் 59. மக்னீசியம் 24உம் குளோரின் 35உம் சேர்ந்தால் 59. ஆர்கான் 36உம் சோடியம் 23உம் சேர்ந்தாலும் 59. சிறுநீரில் இவை யாவும் தாராளமாக உண்டு, ஆர்கானைக் கருவியே தருகிறது. மோதல் அறையில் ஹீலியத்தைச் செலுத்தினால், உருவில் பெரிய இந்தக் கூட்டு அயனிகள் அடிக்கடி மோதி ஆற்றல் இழந்து தடுக்கப்படும், ஒற்றை அயனியான கோபால்ட் கடந்துவிடும். ஹீலியம் போதுமா என்பதை ஊகிக்க வேண்டாம்: கோபால்ட் இல்லாத கால்சியம், மக்னீசியம், சோடியம் குளோரைடு கரைசலைச் சிறுநீரின் செறிவுக்கு நிகராகத் தயாரித்து ஓட்டினால், திரையில் தெரியும் பொய்க் கோபால்ட் வெற்றுக் கரைசலின் அளவுக்கு இறங்கும் வரை ஹீலியத்தின் ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

வெற்றுக் கரைசலைப் பத்து முறை ஓட்டி, திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கினால் கண்டறியும் எல்லையும், பத்தால் பெருக்கினால் அளவிடும் எல்லையும் கிடைக்கும். கோபால்ட்டின் அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட சிறுநீர்த் தரமாதிரியைத் தொடரின் தொடக்கத்திலும் ஒவ்வொரு பத்து மாதிரிக்குப் பிறகும் வைக்க வேண்டும். உயர்ந்த எண் வந்த மாதிரிக்கு அடுத்து வெற்றுக் கரைசலை ஓட்டாமல் அடுத்த வீரரின் மாதிரியை வைப்பது, முன்னவருடையதைப் பின்னவர் தலையில் கட்டுவதாகும்.

கணக்கு இப்படி. கருவி 0.62 காட்டுகிறது, வெற்றுக் கரைசல் 0.02, வித்தியாசம் 0.60, இருபதால் பெருக்கினால் லிட்டருக்கு 12 மைக்ரோகிராம். அந்தச் சிறுநீரின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.030, அதாவது வீரர் நீர் குறைவாகக் குடித்திருக்கிறார். 1.020க்குச் சரிசெய்ய 12ஐ 0.020ஆல் பெருக்கி 0.030ஆல் வகுத்தால் 8. இரண்டு எண்களையும் எழுதுங்கள். திருத்திய எண்ணை மட்டும் எழுதும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் பிறகு சரிபார்ப்பவருக்கு அளந்தது எது, கணக்கிட்டது எது என்று தெரியாமல் போகும்.

எட்டு என்ற எண் வழக்கத்தைவிட உயர்ந்தது. ஆனால் வைட்டமின் பி12இன் மூலக்கூற்று நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது, எடையில் ஏறத்தாழ 4.3 விழுக்காடு, பி12 தடைசெய்யப்பட்டதும் அன்று. ஆயிரம் மைக்ரோகிராம் ஊசி ஒன்றில் சுமார் 43 மைக்ரோகிராம் கோபால்ட் உண்டு. ஊசியாகப் போட்டதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதால், பாதி ஒரு லிட்டர் சிறுநீரில் வந்தாலே இருபதைத் தாண்டும். மொத்த அளவு மட்டும் பார்க்கிறவர் இவரைக் குற்றவாளியாக்கிவிடுவார்.

தனியாக உறையவைத்த பங்கு இதற்குத்தான். அமிலம் சேர்க்காத அந்தப் பங்கை வடிகட்டி, ஐசிபி-எம்எஸ்ஸுடன் இணைத்த, கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் திரவ வண்ணப்படிவு நிரலில் செலுத்தினால், கட்டற்ற கோபால்ட் முன்னதாகவும் பி12 பின்னதாகவும் தனித்தனிச் சிகரங்களாக வரும். பி12இன் ஒரு வடிவமான சயனோகோபாலமின் வெளிச்சத்தில் ஹைட்ராக்சோகோபாலமினாக மாறும், சிகரம் இடம் பெயரும். எனவே குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். நகரும் கரைசலில் மெத்தனால் இருந்தால் கூம்பில் கரி படியும். ஆர்கானுடன் சிறிது ஆக்சிஜன் கலந்தால் அது எரிந்துபோகும்.

இரண்டாம் சிகரம் இல்லாமல் முதலாவது மட்டும் உயர்ந்து நின்றாலும், உலோகத்தோடு உலோகம் உரசும் செயற்கை இடுப்புமூட்டு பொருத்தியவருக்குக் கோபால்ட் இயல்பாகவே ஏறியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும். அதைக் கேட்டறிவது சோதனைக்கூடத்தின் வேலை அன்று, மாதிரிக்கு உரியவர் யார் என்பதே நமக்குத் தெரியாது. ஏ குப்பியிலிருந்து புதிதாக ஒரு பங்கை எடுத்து முழுமுறையையும் மறுபடி செய்து, வெற்றுக் கரைசலின் எண்ணையும் தரமாதிரியின் எண்ணையும் இரு சிகரங்களின் பரப்பையும் பதிவேட்டில் எழுதி, மீதியை உறைநிலைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.