ஜெட் மாடலை புரொப்பெல்லர் பிளேன் போல ஓட்டாதீர்கள்

கும்பப்பூ அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பிறகுதான் நாஞ்சில் நாட்டில் எங்களுக்கு ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஜெட் பறக்கவிட நல்ல இடம் கிடைக்கும். போன பங்குனியில் தோவாளைப் பக்கம் அப்படியொரு வயலுக்கு ஒரு தம்பி புது ஜெட்டோடு வந்தான். உள்ளே 70 மில்லிமீட்டர் ஃபேன், ஃபோம் உடம்பு, பார்க்க அவ்வளவு லட்சணம். இரண்டு வருடமாக புரொப்பெல்லர் டிரெய்னரை, அதாவது ஓட்டிப் பழகும் மாடலை, அருமையாக ஓட்டியவன், கையில் பதற்றமே இல்லை. நண்பன் எறிந்தான். மாடல் மெதுவாக முன்னே போய், மெதுவாகவே இறங்கி, வரப்பில் மூக்கைக் குத்தி இரண்டாக உடைந்தது. எல்லாம் மூன்று நான்கு விநாடிதான். "அண்ணே, ஸ்டிக்க முழுசா பின்னாடி இழுத்தேன். அது கேக்கவே இல்ல" என்றான். கண் கலங்கியிருந்தது.

அவன் சொன்னது முழு உண்மை. புரொப்பெல்லர் மூக்கில் சுற்றும்போது அது தள்ளும் காற்று நேராக வாலின் மேல் படுகிறது. மாடல் ஊர்ந்துகொண்டிருந்தாலும் எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ரட்டருக்கும் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) காற்று கிடைக்கும். தடுமாறினால் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) ஏற்றுவோம், உடனே வால் பிடி கொடுக்கும். ஈடிஎஃப், அதாவது உடம்புக்குள் மின்விசிறி வைத்த ஜெட்டில் அப்படி இல்லை. உள்ளே இழுத்த காற்று உடம்புக்குள் இருக்கும் குழாய் வழியாகப் போய்ப் பின்னால் வெளியேறிவிடும், வாலைத் தொடாது. மாடல் வேகமாக முன்னே போனால் மட்டுமே எலிவேட்டருக்கு உயிர் வரும். அதோடு, ஃபேன் முழுச் சுற்றுக்கு வந்து, அந்தத் தள்ளு மாடலின் வேகமாக மாறவும் சற்று நேரம் பிடிக்கும். புரொப்பெல்லர் பழக்கத்தில் இதை மறப்பதுதான் நான் பார்த்த பல ஜெட் விபத்துகளுக்குக் காரணம்.

ஆனால் களத்துக்குப் போகுமுன்பே, வீட்டு மேசையிலேயே பாதித் தவறுகள் நடந்து முடிந்துவிடுகின்றன.

முதலில் சிஜி, அதாவது மாடலின் எடை சமமாக நிற்கும் புள்ளி. விரல் நுனியில் தூக்கிப் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது டிரெய்னருக்குப் போதும், ஜெட்டுக்குப் போதாது. நான் ஒரு மரக்கட்டையில் இரண்டு பென்சில்களை ரப்பர் முனை மேலே இருக்கும்படி நட்டு வைத்திருக்கிறேன். மேனுவலில் சொன்ன தூரத்தை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஸ்கேலால் அளந்து, இரண்டு இறக்கையிலும் டேப் துண்டு ஒட்டி, அந்த இடத்தில் ரப்பர் படும்படி மாடலை உட்கார வைப்பேன். மூக்கு இம்மியளவு கீழே சாய்ந்தால் நல்லது. வால் சாய்ந்தால் அன்றைக்குப் பறக்கவிடுவதில்லை. பறக்கும்போது இருக்கும் பேட்டரி, பறக்கும்போது இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். இதில்தான் நான் என் முதல் 64 மில்லிமீட்டர் ஜெட்டை இழந்தேன். சிஜி சரியாகவே பார்த்திருந்தேன். ஆனால் பேட்டரிக்கு அடியில் வெல்க்ரோ மட்டும், மேலே பட்டை போடவில்லை. எறிந்த வேகத்தில் பேட்டரி பின்னால் நகர்ந்தது, மூக்கு வானத்தைப் பார்த்தது, அப்படியே இடது பக்கம் சரிந்து விழுந்தது. இப்போது வெல்க்ரோவும் பட்டையும் போட்டு, பேட்டரிக்குப் பின்னால் ஒரு ஃபோம் கட்டையும் ஒட்டுகிறேன்.

அப்புறம் ஜைரோ, அதாவது மாடல் சாய்வதை உணர்ந்து தானே திருத்தும் கருவி. இப்போது வரும் பல ஜெட்களில் ஜைரோ உள்ள ரிசீவரே (ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) வைத்துத் தருகிறார்கள். ஸ்டிக்கை ஆட்டி எலிவேட்டர், எய்லரான் (மாடலைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) சரியாக அசைகிறதா என்று பார்த்தவர்கள், ஜைரோ எந்தப் பக்கம் அசைக்கிறது என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு சோதனை. ஜைரோவை ஆன் செய்து, மாடலைக் கையில் பிடித்து மூக்கைச் சட்டென்று மேலே தூக்குங்கள்: எலிவேட்டர் கீழே இறங்க வேண்டும். வலது இறக்கையைக் கீழே சாயுங்கள்: வலது எய்லரான் கீழேயும் இடது எய்லரான் மேலேயும் போக வேண்டும். மூக்கை இடது பக்கம் திருப்பினால் ரட்டர் வலது பக்கம் போக வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் ஜைரோ மாடலைக் காப்பாற்றாது, கவிழ்ந்துகொண்டிருப்பதை இன்னும் வேகமாகக் கவிழ்க்கும். தலைகீழ் ஜைரோவோடு கிளம்பிய மாடலைக் கையால் மீட்பது மிகவும் கடினம். ரிசீவரைக் கழற்றி மாட்டினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

எக்ஸ்போ, அதாவது ஸ்டிக் நடுவில் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்ற செட்டிங்கை வைக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஃபூட்டாபா டிரான்ஸ்மிட்டரில் (ரிமோட்) மைனஸ் போட்டால் ஸ்டிக் நடுவில் மென்மையாகும், ஸ்பெக்ட்ரத்தில் பிளஸ் போட்டால்தான் மென்மையாகும். நண்பரின் செட்டிங்கை அப்படியே எழுதிக்கொண்டு போய் வேறு பிராண்டு டிரான்ஸ்மிட்டரில் போட்டால், நடுவில் தொட்டாலே துள்ளும் மாடல் கிடைக்கும். முதல் பறப்புக்கு லோ ரேட் (பலகைகள் குறைவாக அசையும் செட்டிங்), 30 சதவீதம் மென்மை என்று தொடங்குங்கள். எலிவேட்டர் அசைவைக் கண் மதிப்பில் வைக்காதீர்கள், மேனுவலில் உள்ள மில்லிமீட்டரை ஸ்கேல் பிடித்து வையுங்கள். சில ஜெட்களுக்கு எலிவேட்டரை ஓரிரு மில்லிமீட்டர் மேலே ட்ரிம் செய்துதான் கிளப்ப வேண்டும், அதையும் மேனுவலே சொல்லும்.

ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசினால் பலரும் "அது தானா செட் ஆகியிருக்கும்" என்கிறார்கள். ஆகியிருக்காது என்று வைத்துக்கொள்வதே நல்லது. சில ரிசீவர்கள் சிக்னல் போனால் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு த்ராட்டிலில் போகிற ஒரு ஜெட் அப்படியே போய் யார் வீட்டு ஓட்டிலும் இறங்கலாம். மாடலை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, த்ராட்டிலைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஃபேன் நின்றாக வேண்டும். பிடிப்பவர் ஃபேன் இருக்கும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில் நிற்கக்கூடாது. நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுற்றும் பிளேடு உடைந்தால் துண்டு பக்கவாட்டில்தான் பாயும். கழுத்துத் துண்டு, கழுத்தில் தொங்கும் கயிறு, ஐடி கார்டு எதுவும் இன்டேக் (காற்று உள்ளே போகும் வாய்) பக்கம் வரக்கூடாது.

வயரிங்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃபேன் வால் பக்கம், பேட்டரி மூக்குப் பக்கம் என்பதால் எங்கோ ஓரிடத்தில் வயரை நீட்ட வேண்டி வரும். பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) நடுவே நீட்டாதீர்கள். அங்கே வயர் நீளமானால் மின்னழுத்தம் துள்ளி இஎஸ்சியில் உள்ள கெப்பாசிட்டர்கள் சூடாகிக் கெட்டுவிடும். இஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் நடுவே நீட்டுவதில் அவ்வளவு ஆபத்து இல்லை.

பேட்டரிக் கணக்கை டிரெய்னர் கணக்கில் போடுவது அடுத்த பெரிய தவறு. 6எஸ் (ஆறு செல்) 4000 எம்ஏஎச் பேட்டரி, சராசரியாக 50 ஆம்பியர் இழுக்கும் ஜெட் என்று வையுங்கள். 4 ஆம்பியர்-ஹவரை 50-ஆல் வகுத்தால் 0.08 மணி, அதாவது 4.8 நிமிடம். அதில் 80 சதவீதம்தான் நமக்குச் சொந்தம், சுமார் 3 நிமிடம் 50 விநாடி. இறங்க ஒருமுறை தவறி மறுபடி சுற்றி வர நேரம் வைத்தால், டைமர் 3 நிமிடத்தில் அடிக்க வேண்டும். பத்து நிமிடம் டிரெய்னர் ஓட்டிய கைக்கு இது நம்பமுடியாத அளவு குறைவாகத் தெரியும். டைமர் அடித்த பிறகு "இன்னொரு ரவுண்டு" என்று போனவர்கள் தென்னந்தோப்பில் தேடியதை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன்.

இனி இடமும் காற்றும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பழமொழி மட்டுமல்ல. ஆனி, ஆடி, ஆவணியில் ஃபோம் ஜெட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைதான் நம்பகமான நேரம். வெயில் ஏறினால் கடற்காற்று எழும். தென்னந்தோப்புக்குக் காற்று மறைவான பக்கத்தில் இறக்குவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மரங்களைத் தாண்டி வரும் காற்று அங்கே சுருண்டு கீழே அமுக்கும். மெதுவாக இறங்கும் ஜெட்டுக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. மர உயரத்தைப்போலப் பல மடங்கு தூரம் தள்ளி இறக்குங்கள்.

மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கடற்கரை பார்க்க விரிந்து கிடக்கும், ஆசை வரும். வேண்டாம். அந்தக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. மோட்டாருக்குள் இருக்கும் வலுவான காந்தம் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை அங்கே இறக்கிய மாடலைப் பிரித்தபோது காந்தங்களைச் சுற்றிக் கறுப்பு மீசை போலத் துகள்கள் நின்றன. ஊதினால் போகவில்லை, டேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டியிருந்தது. உப்புக் காற்று பேரிங்கையும் கனெக்டரையும் தின்றது தனிக் கதை.

சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த நீர்நிலைகள். பறவைகளுக்கு நடுவே ஜெட் வேண்டாம், எவ்வளவு வசதியான கரையாக இருந்தாலும் சரி. சட்டப்படி பார்த்தால், 2021 டிரோன் விதிகளில் பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் ஓட்டும் 25 கிலோவுக்கு மிகாத மாடல்களுக்கு எனத் தனி வகை உண்டு. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் புது இடத்துக்குப் போகாதீர்கள். நம் மாவட்ட எல்லையை ஒட்டியே மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும், கொஞ்சம் தள்ளி கூடங்குளம் அணுமின் நிலையமும் இருக்கின்றன. வயல்காரரிடமும் கேட்க வேண்டும். "மக்கா, உளுந்து விதைச்சிருக்கு, வரப்பு வழியா போ, உள்ள சவுட்டாத" என்று ஒரு பெரியவர் எங்களுக்கு இடம் விட்டார். அந்த வார்த்தையைக் காப்பாற்றியதால் இன்றுவரை அங்கே போகிறோம்.

கிளப்புவதில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: மூக்கைத் தூக்கி எறிவது. மாடல் மேலே போக வேண்டும் என்று மனசு சொல்லும், கையும் மேலே எறியும். தேவை உயரம் அல்ல, வேகம். எறிபவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழு த்ராட்டில் கொடுத்து, ஃபேன் சத்தம் ஏறி ஒரே சீராக நின்ற பிறகு, காற்றுக்கு எதிராக, ஈட்டி எறிவதுபோல நேராக எறிய வேண்டும். முதலில் ஒன்றிரண்டு அடி தாழ்ந்தால் பயந்து எலிவேட்டரை இழுக்காதீர்கள். வேகம் பிடித்ததும் தானே எழும். அந்தத் தம்பி இழுத்ததும் அந்த இடத்தில்தான். கனமான மாடல் என்றால் ரப்பர் டியூபும் நைலான் கயிறும் வைத்து பஞ்சி போட்டு, அதாவது கவண் போல இழுத்துவிட்டுக் கிளப்புவதே மேல். சக்கரம் உள்ளே மடங்கும் ரிட்ராக்ட் மாடல்களை நம் வயலுக்கு நான் சொல்லமாட்டேன். நெல் தாளில் முன்சக்கரம் பிடுங்கிக்கொண்டு போகும். வயிற்றால் இறங்கும் ஜெட்தான் இங்கே நிலைக்கும்.

மேலே போன பிறகு தூரம்தான் எதிரி. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 42 மீட்டர் போகும். நீங்கள் யோசித்த இரண்டு விநாடியில் 80 மீட்டருக்கு மேல் போய்விட்டது. 200 மீட்டர் தாண்டினால் எது மூக்கு, எது வால் என்று தெரியாது, அதனால் திருப்பத்தைச் சீக்கிரம் தொடங்குங்கள். திருப்பத்தை இறுக்குவதில் கணக்கு இருக்கிறது: உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திருப்பினால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை மாடலைத் தாங்காது) 1.41 மடங்காகும். நேராகப் போகும்போது 40 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் மாடல், அந்தத் திருப்பத்தில் 56-லேயே விழும். இறங்க வரும்போது த்ராட்டிலைக் குறைத்துவிட்டு இறுக்கமாகத் திருப்புகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. பின்காற்றில் வரும்போது இன்னொரு ஏமாற்று. தரையை வைத்துப் பார்த்தால் மாடல் பறக்கிற பறப்பு பயமாக இருக்கும், கை தானாகவே த்ராட்டிலைக் குறைக்கும். ஆனால் இறக்கைக்குக் கிடைக்கும் காற்று வேகம் வழக்கமானதுதான், குறைத்தால் ஸ்டால்.

இறக்கும்போது த்ராட்டிலை மூடிவிட்டு மிதந்து வர விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு த்ராட்டில் வைத்து, நீளமான தாழ்ந்த பாதையில், காற்றுக்கு எதிராகக் கொண்டுவாருங்கள். சரியில்லை என்று தோன்றினால் உடனே த்ராட்டில் ஏற்றிச் சுற்றி வரவேண்டும், கடைசி நிமிடத்தில் அல்ல. தள்ளு தாமதமாகத்தான் வரும் என்பது நினைவில் இருக்கட்டும். தரைக்கு ஒரு அடி மேலே வந்த பிறகு மூடுங்கள், அப்போது ஃபேன் வைக்கோலை இழுக்காது.

நிஜ டர்பைன் மாடல்களைக் கேட்டுப் பலர் வருகிறார்கள். கெரசினில் ஆயில் கலந்து ஓடும், ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும், வெளியே வரும் புகைக்காற்று பல நூறு டிகிரி சூடு. காய்ந்த தாள் நிற்கும் வயலில் அதை மூட்டக்கூடாது. நீளமான தார்ப் பாதையும், கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும், கூடவே அனுபவசாலி ஒருவரும் இல்லாமல் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைப் பைக் பெட்டியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நாகர்கோவில் மத்தியான வெயிலில் அந்தப் பெட்டிக்குள் லைபோ பேட்டரி வீங்கும். சூடு ஆறிய பிறகு ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள், 6எஸ் என்றால் மொத்தம் 22.8. அடுத்த நாள் பறக்கப் போகிறோம் என்று 4.2-க்கு ஏற்றி, மழை பிடித்து இரண்டு வாரம் அப்படியே கிடக்கும் பேட்டரிகள்தான் சீக்கிரம் போகின்றன. சார்ஜ் போடும்போது 1சி-க்கு மேல் போகாதீர்கள், அதாவது 4000 எம்ஏஎச்சுக்கு 4 ஆம்பியர். சிமென்ட் தரையில், மண் சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, நீங்கள் அதே அறையில் இருந்துகொண்டு போடுங்கள்.