மனிதன் நல்லவனா கொடூரனா என்று யாராவது கேட்டால் எப்படி யோசிப்பது

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் அன்றைய மனநிலையைத்தான் சொல்கிறார்கள். அதனால் உடனே பதில் தேடாதீர்கள், முதலில் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள். செய்திகளை ஆதாரமாக எடுத்தால் மனிதன் மிருகம்தான், ஏனென்றால் ஒருவரை ஒருவர் அடிக்காமல் போனது எங்கும் செய்தியாக வருவதில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்து, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா தெருக்களில் நடந்த 219 தகராறுகளின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது இடையில் புகுந்து தடுக்கவோ சமாதானம் செய்யவோ முயன்றிருக்கிறார். "யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்ற பேச்சுக்கு இது பொருந்தவில்லை.

அடுத்து, பிரபலமான சோதனைகளை யாராவது எடுத்து வீசினால் முழுக் கதையையும் கேளுங்கள். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையில், ஆய்வாளர் கட்டளையிட, 40 பேரில் 26 பேர் அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி (உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அவர் நடித்தார்) 450 வோல்ட் வரை போனார்கள். இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் கட்டளை தொலைபேசியில் வந்தபோது கடைசிவரை போனவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான், பக்கத்தில் இருந்த இரண்டு பேர் "நாங்கள் செய்ய மாட்டோம்" என்று எழுந்தபோது 40-இல் வெறும் 4 பேர். அதே மாதிரி மனிதர்கள்தான், மாறியது அறையின் நிலவரம். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரித்து நடத்திய 1971-இன் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை நான் ஆதாரமாகவே எடுப்பதில்லை, காவலர்களாக இருந்தவர்களைக் கடுமையாக நடக்கச் சொல்லித் தூண்டியிருக்கிறார்கள் என்பது பிறகு ஆவணங்களில் வெளிவந்துவிட்டது.

நமக்குப் பிடித்த ஆதாரத்தையும் இதே கண்ணால் பாருங்கள், இதுதான் கஷ்டம். உதவி செய்யும் பொம்மையைக் கைக்குழந்தைகள் விரும்புகின்றன என்ற 2007 ஆய்வு எல்லோருக்கும் இனித்தது. பல ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை.

அப்புறம் கேள்வியையே மாற்றுங்கள்: "நல்லவனா?" என்பதை விட்டுவிட்டு "யாருக்கு நல்லவன்?" என்று கேளுங்கள். என் கணிப்பில் சாய்வு நல்லதன் பக்கம்தான், ஆனால் அது நம்மவர் என்று நினைப்பவர்களின் எல்லையோடு நின்றுவிடுகிறது, அந்த எல்லைக்கு வெளியே அதே விசுவாசமும் கீழ்ப்படிதலும் கொடூரத்துக்கு வேலை செய்கின்றன. 1994-இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின்போது டுட்சி இன மக்களை வானொலியில் கரப்பான்பூச்சி என்று சொல்லிச் சொல்லியே எல்லைக்கு வெளியே தள்ளினார்கள், கொன்றவர்களில் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். எனவே ஒரு கூட்டத்தைப் பூச்சி, கிருமி என்று யாராவது அழைக்க ஆரம்பித்தால், சும்மா பேச்சுதானே என்று விடாதீர்கள்.

உங்கள் அலுவலகத்திலோ குழுவிலோ ஒருவரைச் சேர்ந்து மட்டம்தட்டினால், எல்லோரும் கெட்டவர்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் பாருங்கள்: யார் சொல்லி நடக்கிறது, இதுவரை யாராவது மறுத்தார்களா? யாரும் மறுக்கவில்லை என்றால் நீங்கள் முதலில் மறுங்கள், முடிந்தால் இன்னொருவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு.