ரிகர்வ் வில்லின் நாண் சத்தத்தைக் குறைப்பது எப்படி?

வில் அதிகமாகச் சத்தம் போட்டால் பெரும்பாலோர் முதலில் சைலன்சர் வாங்கி நாணில் மாட்டுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். நாணை விட்டதும் வில்லில் இருக்கும் விசை முழுவதும் அம்போடு போய்விடாது. மிச்சம் லிம்பிலும் (வில்லின் வளையும் கை) நாணிலும் அதிர்வாகத் தங்கிவிடுகிறது, காதில் விழுவது அதுதான். சைலன்சர் அந்த அதிர்வை அமுக்கும். ஆனால் அது ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

நான் வைத்திருப்பது 62 அங்குல, 40 பவுண்டு இழுவையுள்ள டேக்டவுன் ரிகர்வ், அதாவது முனைகள் முன்பக்கம் வளைந்த, பாகம் பாகமாகக் கழற்றக்கூடிய வில். கீழே உள்ள அளவுகள் எல்லாம் அந்த மாதிரி வில்லுக்கானவை. வில்லுக்கு நாணேற்றுவது, அம்பு பூட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தத்தைச் சோதிக்கிறேன் என்று அம்பு இல்லாமல் இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்பிலேயே திரும்பி அடிக்கும். லிம்ப் பிளந்துபோகலாம்.

படி 1: என்ன சத்தம் என்று கேளுங்கள்

எய்பவரின் காது நாணுக்கு மிக அருகில் இருப்பதால் எல்லாமே பெரிதாகக் கேட்கும். ஃபோனை உங்களுக்குப் பக்கவாட்டில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். அம்பு போகும் பக்கம் வேண்டாம்.

"டொய்ங்ங்" என்று இழுத்துக்கொண்டே போனால் பிரேஸ் ஹைட்டைப் (பிடிக்கும் நாணுக்கும் இடையே உள்ள தூரம், படி 3) பாருங்கள். "பட்" என்று ஒரே அறையாகக் கேட்டால் நாண் லிம்பில் அடிக்கிறது, அல்லது உங்கள் கையிலோ சட்டையிலோ உரசுகிறது. "ர்ர்ர்" என்று நடுங்கினால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. "டக்" என்று காய்ந்த சத்தம் வந்தால் அம்பையும் அதன் நாக்-ஐயும் (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பள்ளம்) சந்தேகப்படுங்கள். இரண்டு சத்தங்கள் கலந்து வருவதும் உண்டு. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில அம்புகள் எய்து கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

படி 2: தளர்ந்தது எது?

இது சீக்கிரம் முடியும். நாணைக் கழற்றிவிட்டு லிம்ப் போல்ட்டை இறுக்குங்கள். நாணேற்றிய வில்லில் போல்ட்டைத் தொடவே கூடாது. அம்பு ரெஸ்ட் (அம்பு உட்காரும் தாங்கி), குவிவர் (அம்பறாத்தூணி) எதுவும் ஆடுகிறதா என்று பாருங்கள். நாணின் நடுவில் சுற்றியிருக்கும் சர்விங் என்ற காப்பு நூலின் மேல் நகத்தை ஓட்டுங்கள். சுற்று நகர்ந்தாலோ இடைவெளி தெரிந்தாலோ அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுவதே நல்லது. சூப்பர் குளூ ஊற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அது காய்ந்து விறைத்த இடத்தில் நாண் மடங்கி மடங்கி நைந்துபோகும்.

ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை லிம்பின் ஓரங்களில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே சிராய்ப்போ விரிசலோ இருக்கிறது. விரிசலாக இருந்தால் இந்தப் பதிவு அதற்கு மருந்து இல்லை, எய்வதை நிறுத்திவிட்டு வில் செய்பவரிடம் காட்டுங்கள். நாண் லிம்பின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாலும் அப்படியே.

படி 3: பிரேஸ் ஹைட்

பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம்தான் பிரேஸ் ஹைட். டி வடிவ வில் அளவுகோல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு நான் காசு போட்டு வாங்கச் சொல்லும் ஒரே கருவி அதுதான். சாதாரண ஸ்கேலில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வரும்.

62 அங்குல ரிகர்வுக்குப் பொதுவாக 7½ முதல் 8¼ அங்குலம் வரை சொல்வார்கள். உங்கள் வில்லோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிரேஸ் ஹைட் குறைவாக இருந்தால் நாண் தொய்வாக நிற்கும், விட்டபின் நெடுநேரம் அதிரும். உயர்த்தினால் பெரும்பாலும் சத்தம் தணியும், அம்பின் வேகம் கொஞ்சம் குறையும். அதனால் உச்சத்துக்கே போய்விட வேண்டாம்.

உயர்த்துவது சுலபம். நாணைக் கழற்றி, ஒரு முனையைக் கூடுதலாக முறுக்கினால் நாண் குட்டையாகும், பிரேஸ் ஹைட் ஏறும். எந்தப் பக்கம் முறுக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஃபிளெமிஷ் நாண் (முனை வளையத்தை இழைகளாலேயே பின்னி முறுக்கியது) என்றால் அது ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே முறுக்குங்கள், எதிர்ப்பக்கம் போனால் முனையில் இருக்கும் பின்னலே தளரும். எண்ட்லெஸ் நாண் (ஒரே நூலை வளையமாகச் சுற்றிச் செய்தது) என்றால் நடுச் சர்விங் இறுகும் பக்கமாக முறுக்குங்கள்.

கீழ் எல்லையில் தொடங்குங்கள். நாலைந்து முறுக்கு, அளந்து குறித்துக்கொள்ளுங்கள், மூன்று அம்பு, கேளுங்கள். மறுபடி நாலைந்து முறுக்கு. சத்தம் படிப்படியாக மாறாது என்பதுதான் இதில் சுவாரஸ்யம். நீண்ட நேரம் ஒரே மாதிரி இருந்துவிட்டு, ஓரிடத்தில் சட்டென்று "தப்" என்று அடங்கிவிடும். அதையும் தாண்டினால் மறுபடி கரகரப்பு வரலாம். அடங்கிய அந்த அளவை வில்லின் பிடிக்கு உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். நாண் முடிச்சு முடிச்சாகத் திருகிக்கொள்ளும் அளவுக்கு முறுக்க வேண்டியிருந்தால் நாண் நீளம், குட்டையானது வாங்குங்கள். முறுக்கே இல்லாத தட்டை நாணும் காற்றில் ரீங்கரிக்கும்.

புது டேக்ரான் (பாலியெஸ்டர் நூல்) நாண் முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். அது அடங்கும்வரை ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். பிரேஸ் ஹைட் மாறினால் நாக்கிங் பாயிண்டையும் (நாணில் அம்பு பூட்டும் இடம்) மறுபடி சரிபாருங்கள்.

படி 4: அம்பும் நாக்-கும்

லேசான அம்பு விசையைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் வில்லிலேயே தங்கும். உங்கள் இழுவையில் ஒரு பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெய்ன் எடை இருந்தால் மரபு வில் அமைதியாக இருக்கும். 40 பவுண்டுக்கு 9 கிரெய்ன் வீதம் 360 கிரெய்ன், அதாவது சுமார் 23 கிராம். நகை நிறுக்கும் சின்னத் தராசு போதும். கார்பன் அம்பு லேசாக இருந்தால் கனமான முனை போட்டுப் பாருங்கள். ஆனால் முனையின் எடை கூடினால் அம்பு வளையும் தன்மையும் மாறும், எய்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்பை நாணில் பூட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தானாக நிற்க வேண்டும், நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாவிட்டால் நாக் இறுக்கம், "டக்" வரும். தட்டாமலே விழுந்தால் தொளதொளப்பு, அது ஆபத்து. நாணில் நாக் பூட்டும் இடத்தில் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைச் சில சுற்றுச் சுற்றித் தடிமனாக்கலாம்.

படி 5: நாண் லிம்பைத் தொடும் இடம்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். பிரேஸ் ஹைட் சரி, அம்பு சரி, எல்லாம் இறுக்கம், ஆனாலும் "பட்" போகவில்லை.

ரிகர்வில் நாண் முனைப் பள்ளத்திலிருந்து சில அங்குலம் லிம்பின் மேலேயே படுத்திருக்கும், பிறகுதான் பிரியும். விட்டதும் அங்கேதான் வந்து அறைகிறது. எவ்வளவு தூரம் அறைகிறது என்பது சும்மா பார்த்தால் தெரியாது. லிம்பின் அந்தப் பகுதியில் முகப்பவுடரை மெல்லத் தூவி ஓர் அம்பு எய்யுங்கள். பவுடர் அழிந்த கோடு, நாண் சும்மா படுத்திருக்கும் இடத்தைத் தாண்டி ரைசர் (வில்லின் நடுப்பிடிப் பகுதி) பக்கமாக நீண்டிருக்கும். அந்தக் கூடுதல் தூரம்தான் சத்தம் போடும் இடம்.

துடைத்துவிட்டு, வெல்க்ரோவின் மென்மையான பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையை வெட்டி, கோடு முடியும் இடத்தைக் கொஞ்சம் தாண்டும்படி ஒட்டுங்கள். கொக்கிப் பக்கம் வேண்டாம், நாணை அரிக்கும். ஒட்டும் முன் லிம்பை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு லிம்பிலும் ஒரே நீளம். முனைச் சர்விங் சரியாக நாண் பிரியும் இடத்தில் முடிந்தால் அதுவும் நடுங்கும். சர்விங்கை இன்னும் இரண்டு அங்குலம் நீட்டிச் சுற்றுங்கள். பட்டை ஒட்டியபின் பிரேஸ் ஹைட் சற்று மாறியிருக்கும், மறுபடி அளக்கவும்.

படி 6: இப்போது சைலன்சர்

எனக்குக் கம்பளி நூல்தான். ரப்பர் மீசைகள் (மெல்லிய ரப்பர் இழைக் கொத்துகள்) நன்றாக வேலை செய்யும், ஆனால் வெயிலில் வெடித்து உதிர்ந்துவிடும். பின்னல் நூலை மூன்று விரலைச் சுற்றிப் பதினைந்து சுற்று எடுத்து, நாணின் முறுக்கைப் பிரித்து இழைகளுக்கு நடுவே நுழைத்து, மீண்டும் முறுக்கவிடுங்கள். பிறகு வளையங்களை வெட்டினால் பூப்போல விரியும்.

இப்படி இரண்டு செய்யுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே தூரத்தில் வைக்காதீர்கள். ஒன்றை மேல்முனையிலிருந்து நாணின் கால் பங்கிலும், மற்றதைக் கீழ்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் வைத்தால் வெவ்வேறு அதிர்வுகள் தடைபடும். நடுவுக்கு நெருங்க நெருங்க அம்பின் வேகம் குறையும். மழையில் கம்பளி நீர் குடித்துக் கனக்கும், அதற்கு அக்ரிலிக் நூல் பரவாயில்லை.

சேர்க்கை: லாங்போ (முனை முன்பக்கம் வளையாத நீள வில்) வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு நாண் பெரும்பாலும் லிம்பில் படாது, ஆகவே படி 5 தேவையில்லை. பிரேஸ் ஹைட்டும் ரிகர்வை விடக் குறைவாகவே இருக்கும், என் எண்களை அப்படியே வைக்க வேண்டாம். குதிரை வில்லில் முனைக்கு அருகே நாண் தங்கும் பாலம் இருந்தால், அதன் மேல் மெல்லிய தோல் துண்டு ஒட்டுவது வெல்க்ரோவை விட நன்றாக உழைக்கும்.

இன்னொன்று: பழைய மர வில்லுக்குச் சத்தம் குறையும் என்று ஃபாஸ்ட் ஃபிளைட் நாண் மாட்டலாமா என்றும் கேள்வி வந்தது. வேண்டாம். முனை வலுப்படுத்தப்படாத வில்லில் நீட்சி மிகக் குறைந்த அந்த நாண் முனைப் பள்ளத்தை அறுத்துவிடும். அதற்கு டேக்ரான்தான். மெழுகு தேய்க்கும்போது விரல் சூடேறும்வரை தேய்த்து உள்ளே இறக்குங்கள், சர்விங் மேல் மட்டும் வேண்டாம்.