பாஸ்போர்ட்டைக் காட்டி ஊசி போடப் போகிறவர்களுக்கு

மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் 11 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் தம்பிகளை டைஃபாய்டு ஊசிக்கு அழைத்துப் போவதும் என் வேலைதான். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைப்படி, உணவைக் கையாளுகிறவர்கள் இந்த ஊசி போட்டிருக்க வேண்டும். சுகாதார அதிகாரி கடைக்கு வந்தால் முதலில் கேட்பது ஊசி போட்டதைக் காட்டும் அட்டையைத்தான். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வந்ததும் செய்யும் ஃபோமெமா என்ற மருத்துவப் பரிசோதனையோடு இதுவும் முடிந்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பரிசோதனை மட்டும்தான். ஊசி தனி.

போன வருடக் கடைசியில் புதிதாக வந்த தம்பி ஒருவனையும் கூட்டிக்கொண்டு, நானும் ஊசிக்குப் போனேன். எனக்கும் போன ஊசி போட்டு 3 வருடம் முடிந்திருந்தது, இந்த ஊசி அவ்வளவு காலத்துக்குத்தான். வழக்கமாகப் போகிற கிளினிக் அன்றைக்குப் பூட்டியிருந்ததால் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டோம். ஒரே அறை, ஒரே தாதி, ஒரே குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு ஊசிகள். வெளியே வந்து இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மலேசியக் குடியுரிமை உள்ள என்னுடையது 135 வெள்ளி, அதாவது ரிங்கிட். தம்பியுடையது 200ஐத் தாண்டியிருந்தது. பதிவுக் கட்டணம் எனக்கு 10, அவனுக்கு 30. டாக்டர் கட்டணமும் அவனுக்கு அதிகம். ஊசி மருந்தின் விலையே 20 வெள்ளி கூட. கடைசியில் சேவை வரி என்று எனக்கு இல்லாத ஒரு வரி. அவன் ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியை எடுத்து அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தான். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. பணம் கடை கொடுத்தது, ஆனாலும் அவன் மனதில் அது வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காசாகத்தான் ஓடியிருக்கும்.

ஏன் இப்படி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனைகளில் டாக்டர் கட்டணத்துக்குத்தான் அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. தடுப்பூசியின் விலையை மருத்துவமனையே வைத்துக்கொள்கிறது. வெளிநாட்டவருக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அதற்கு மேல், 2025 ஜூலை 1 முதல் குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தனியார் மருத்துவச் சேவையில் 6 விழுக்காடு சேவை வரி வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: வருடத்துக்கு 15 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இந்தச் சேவையில் வருமானம் உள்ள இடங்கள்தான் அந்த வரியை வாங்க வேண்டும். தெருமுனையில் ஒரே டாக்டர் வைத்து நடத்தும் கிளினிக் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது.

அதனால் என் முதல் யோசனை, சாதாரண ஊசிக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போகாதீர்கள். டைஃபாய்டு, ஃபுளூ, ஹெபடைட்டிஸ் பி எல்லாம் சின்ன கிளினிக்கிலேயே போடலாம். மருந்து ஒன்றுதான். சூலியா தெருப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் பாஸ்போர்ட்காரருக்கும் எல்லாம் சேர்த்து 80 வெள்ளிதான் வாங்கினார்கள்.

இரண்டாவது, போன் போட்டு விலை கேட்கும்போது “ஊசி எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். கவுண்டரில் இருக்கும் பெண் உள்ளூர்காரர் விலையைச் சொல்வாள், அதுவும் மருந்து விலையை மட்டும். அது அவள் தப்பில்லை, நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறாள். மலாயில் இப்படிக் கேளுங்கள்: “ஹார்கா உந்தோக் பெமெகாங் பாஸ்போர்ட், செமுவா செக்காலி பெராப்பா?” பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அர்த்தம். பதிவு, டாக்டர், மருந்து, ஊசி போடும் கூலி, வரி, இந்த ஐந்தும் அதில் அடங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுங்கள். அப்புறம், அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் கவுண்டரில் பேச்சு மாறாது. மூன்று இடத்தில் கேட்க கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நம் ஆட்கள் இதில்தான் தயங்குகிறார்கள், வேலை பெர்மிட்டில் இருக்கிறோம், எதற்கு வம்பு என்று. தனியார் மருத்துவமனையில் சிகிச்சைக்கு முன்பே உத்தேசச் செலவைக் கேட்கவும், முடிந்தபின் ஒவ்வொரு கட்டணமாகப் பிரித்த ரசீது வாங்கவும் நோயாளிக்கு உரிமை இருக்கிறது. ஐசி (உள்ளூர் அடையாள அட்டை) இருந்தாலும் பாஸ்போர்ட் இருந்தாலும் அது ஒன்றுதான். 2025 மே 1 முதல் தனியார் மருத்துவமனை, கிளினிக், மருந்தகம் எல்லாம் மருந்து விலையை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் ஆகிவிட்டது. கவுண்டரில் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பல தவணை ஊசிக்கு, ஒரு தவணையின் விலையைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி 3 தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். ஒவ்வொரு முறையும் டாக்டர் கட்டணம் உண்டா, இல்லை ஊசி மட்டுமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் ஊருக்கு லீவில் போனால் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மிச்சத் தவணையை அங்கேயே போட்டுக்கொள்ளலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

விலை விசாரிக்கவே கூடாத ஊசி ஒன்று உண்டு. நாய் கடித்தால் போனை எடுத்து விலை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 2015இல் இந்தப் பினாங்கிலேயே ரேபிஸ் வந்து போயிருக்கிறது. காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள், உடனே பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை: டைஃபாய்டு ஊசி கடைக்காகப் போடுவது, அதைத் தம்பிகளின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். நான்கைந்து பேரை ஒன்றாக அழைத்து வருகிறேன் என்று கிளினிக்கில் சொன்னால் விலையைக் குறைத்துத் தருவார்கள், எனக்குத் தந்திருக்கிறார்கள்.

ஊசி போடும் முன் டப்பாவில் காலாவதித் தேதியைப் பாருங்கள். மருந்தின் பேட்ச் எண், போட்ட தேதி, கிளினிக் முத்திரை மூன்றும் அட்டையில் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒருமுறை முத்திரை விட்டுப்போய், மழையில் திரும்ப நடந்திருக்கிறேன். அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசலைக் கடையில் ஒரு கோப்பில் போடுங்கள். டைஃபாய்டு ஊசி 3 வருடத்துக்குத்தான். அந்தத் தம்பியின் அட்டையில் 2028 என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.