உருமறைப்பு வலை: மாடல் டாங்கியில் கோட்டை விடும் இடங்கள்

பெயின்ட், துரு, சேறு என எல்லாம் கச்சிதமாக அமைந்த மாடல் டாங்கி, கடைசியில் போர்த்தும் வலையால் பொம்மையாகிவிடுவது உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வலைக்குக் கனம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

நிஜ வலை மேடுகளில் படியும், இரண்டு மேடுகளுக்கு நடுவே தொய்யும், ஓரங்களில் நேராகக் கீழே தொங்கும். காஸ் துணியை (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) உலர்ந்தபடி வைத்து அங்கங்கே பசை தொட்டால் கூடாரம்போல விறைத்துதான் நிற்கும். வெள்ளைப் பசையில் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, துணியை முழுக்க நனைத்துப் போடுங்கள். ஈரத் தூரிகையால் டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூண்டு) மூலைகளிலும் பெட்டிகளின் இடுக்குகளிலும் அழுத்துங்கள். காயும்போது ஓரங்கள் மேலெழும்பப் பார்க்கும்; பக்கத்திலேயே இருந்து மறுபடி அமுக்கிவிட வேண்டும். இதில் அவசரம் ஆகவே ஆகாது.

அடுத்தது கண்ணியின், அதாவது வலை ஓட்டையின், அளவு. 1/35 மாடலில் (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு அளவு) 3 மி.மீ. என்பது நிஜத்தில் 10 செ.மீ.க்குச் சற்று மேல். அதே துணியை 1/72 மாடலில் போட்டால் ஏறத்தாழ 22 செ.மீ.; வீரரின் தலையே நுழைந்துவிடும். சின்ன மாடலுக்கு நெருக்கமான நெசவு தேடுங்கள்.

வெறும் காஸை மட்டும் போர்த்திவிட்டு நிறுத்துவதுதான் என் கண்ணை அதிகம் உறுத்துவது. வெற்று வலை எதையும் மறைக்காது. இரண்டாம் உலகப் போர்க்கால வலைகளில் சாக்குத்துணிப் பட்டைகளைக் கோத்துக் கட்டினார்கள். நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்துக்குப் போகப் போக ஐதாகவும். அப்போதுதான் வண்டியின் விளிம்பு சுற்றுப்புறத்தோடு கரையும். மாடலில் மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றுகளோ பொடித்த உலர்ந்த மூலிகையோ போதும். இன்றைய டாங்கி என்றால் கதை வேறு: இலைபோல வெட்டுப்பட்ட செயற்கைத் துணி வலைகள் வந்துவிட்டன. அதற்கு லேசரில் வெட்டிய காகித வலைதான் பொருந்தும்.

அப்புறம், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். ஓடும் வண்டியாகக் காட்டினால் ஓட்டுநரின் பெரிஸ்கோப், குறிபார்க்கும் கண்ணாடி, மூடிகள், எஞ்சின் கிரில், சுழலும் டரட்டின் அடிப்பகுதி எல்லாம் திறந்திருக்க வேண்டும். முழுதாக மூடும் ஆசை இருந்தால், நிறுத்தி வைத்த வண்டியாகக் காட்டிவிடுங்கள். டரட்டின் பின்னால் சுருட்டிக் கட்டிய வலைகூட அழகுதான்.

நிறத்தில் ஒரே பச்சையை அடிக்காதீர்கள். முதலில் அடர்பழுப்பு, மேலே இரண்டு மூன்று பச்சை, கடைசியில் வெளிர்நிற டிரை பிரஷ் (பெயின்டைத் துடைத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ப்பது). மடிப்புகளின் உட்புறத்தில் வெள்ளை நூல் எட்டிப் பார்க்கிறதா என்று கீழிருந்தும் பாருங்கள். சூப்பர் குளூ பக்கம் போகாமலிருப்பது நல்லது, அதன் ஆவி பெயின்டில் வெள்ளைப் படலம் விடும். வெள்ளைப் பசையின் பளபளப்பையோ மேட் வார்னிஷ் ஒரு பூச்சிலேயே அடக்கிவிடும்.