ஏற்காட்டில் நடைபெறும் சபைக் கூடுகைக்குச் செல்வோர் கவனத்திற்கு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், கூடுகை தொடங்கும் காலையிலேயே அவசரமாக மலையேறித் தலைச்சுற்றலோடு ஆராதனையில் அமர்வதைவிட, முந்தைய நாள் மாலையே சென்று இளைப்பாறிவிடுவது மிகவும் நல்லது. மே மாதமாயின் கோடை விழாக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், தங்குமிடத்தை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இரவு குளிரும், சால்வை அவசியம்.

வேதாகமத்துடன் பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்களையும் எடுத்துச் செல்லுங்கள். கடந்த முறை, கண்ணாடியை மறந்து வந்திருந்த ஒரு பாட்டியம்மாவின் அருகில் நான் அமர்ந்திருந்தேன். ஒவ்வோர் அடியையும் அவர் காதருகே மெல்லச் சொல்லச் சொல்ல, அவர் கண்களை மூடியபடி பாடிய அந்தப் பாட்டில்தான் அன்றைய ஆராதனையின் ஆழத்தை உணர்ந்தேன். எனவே திரையில் வரிகள் ஓடினாலும் புத்தகம் கையில் இருக்கட்டும்.

ஐக்கியம் உண்மையில் வளர்வது பந்தியில்தான் என்பது என் உறுதியான எண்ணம். சொந்த சபையாரோடு மட்டும் அமராமல், ஆத்தூரிலிருந்தோ மேட்டூரிலிருந்தோ வந்த குடும்பத்தாரோடு அமர்ந்து உண்ணுங்கள். அவர்களுடைய பெயர்களையும் ஜெப விண்ணப்பங்களையும் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே தொலைபேசியில் நலம் விசாரியுங்கள். நிறைவு நாளில் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொண்டால், இறுதி ஜெபத்தின் நடுவே எழுந்து ஓட வேண்டியிராது.