வன்னிப் பச்சையரிசியில் ஒனிகிரி

ஜப்பானில் வளர்ந்த பேரப்பிள்ளை லீவுக்குக் கிளிநொச்சிக்கு வந்தால், இரண்டு நாள் புட்டும் இடியப்பமும் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் ஒனிகிரி கேட்கும். அங்கே பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் அம்மாமார் கட்டிக் கொடுத்துவிடும் சோற்றுருண்டை அது.

முழுக் காரியமும் அரிசியில்தான். புழுங்கலரிசி சரிவராது. நெல்லோடு அவித்துக் காயவைத்தபோதே மாப்பொருள் இறுகிவிடுவதால் சோறு உதிரியாகவே நிற்கும். காலபோக அறுவடை முடிந்த கையோடு குத்தின புதுப் பச்சையரிசி எடுங்கள். பழையதைவிட அது ஒட்டும். ஜப்பான் அரிசி அளவுக்கு வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம்.

1 சுண்டு அரிசியைக் கழுவி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, வடித்து, 2 சுண்டு தண்ணீரில் அவியுங்கள். கஞ்சி வடிக்கக் கூடாது, ஒட்டுவதே அதனால்தான். தண்ணீர் வற்றினதும் அடுப்பை நிறுத்தி, 10 நிமிடம் மூடியைத் திறக்காமல் விடுங்கள்.

உள்ளே வைக்க மாசிக் கருவாடு போதும். ஜப்பானியரின் கட்சுவோபுஷியும் சூரையை அவித்து, புகையூட்டிக் காயவைத்ததுதான். இடித்த மாசி 2 மேசைக்கரண்டியை வெறும் தாச்சியில் வாசம் வர வறுத்து, இறக்கி, 2 தேக்கரண்டி சோயா சோஸ் விட்டுப் பிரட்டுங்கள். ஈரம் சொட்டினால் உருண்டை பிளக்கும். ஜப்பானில் உள்ளே வைக்கும் உமேபோஷி என்ற உப்பில் ஊறின புளிப்புக் காய்க்குப் பதில் எண்ணெயில்லாத தேசிக்காய் ஊறுகாய்த் துண்டு வைக்கலாம். தேங்காய்ச் சம்பல் என்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். இந்த வெயிலுக்குத் தாங்காது.

சோறு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும், ஆறினால் ஒட்டாது. இரண்டு கையையும் நனைத்து, ஒரு சிட்டிகை உப்பை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளுங்கள். உப்பு வெளியேதான், சோற்றுக்குள் போடுவதில்லை. 100 கிராம் சோற்றை எடுத்து, நடுவில் குழித்து, அரைத் தேக்கரண்டி மாசி வைத்து மூடுங்கள். கீழ்க்கை தட்டையாக இருக்க, மேற்கையின் விரல்களைக் கூராக மடித்து, திருப்பித் திருப்பி மூன்று நான்கு தரம் அமர்த்தினால் முக்கோணம் வரும். கொழுக்கட்டை மாதிரி இறுக்கிப் பிடித்தால் உள்ளே களியாகிவிடும். கடிக்கும்போது பருக்கை உதிர வேண்டும்.

நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாள் கிடைத்தால் சாப்பிடும் நேரத்தில் சுற்றுங்கள். முன்கூட்டியே சுற்றினால் நனைந்து சவ்வும். கிடைக்காவிட்டால் வாட்டின வாழையிலை. அங்கேயும் முன்பு மூங்கில் மடலில்தான் கட்டினார்கள். சூடு ஆறிய பிறகு கட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும். பிரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துப்போகும். பிடித்து நாலு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.